கண்டுபிடித்ததற்குக் கூலி இல்லையா?

சேலத்திலிருந்து தருமபுரி போகும் வழியில், முழு லோடுடன் தொப்பூர் கணவாயில் ஏறிக்கொண்டிருக்கிறது ஒரு லாரி. பாதி மேட்டில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. பின்னால் வருகிறவர்கள் ஹாரனில் கை வைத்துவிட்டார்கள். டிரைவர் ஓரங்கட்டுகிறார், சாவியை அணைக்கிறார், ஒரு பீடி நேரம் பொறுத்து மறுபடி ஸ்டார்ட் செய்கிறார். ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி ஏறுகிறது. கிருஷ்ணகிரி தாண்டி அடுத்த மேட்டில் அதே விளக்கு, அதே கதை.

இதற்குப் பிறகு நடப்பது நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்கு மனப்பாடம். பட்டறையில் ஸ்கேனரைச் செருகுவார்கள். திரையில் ‘பூஸ்ட் பிரஷர் சென்சார்’ என்று வரும். புதுச் சென்சார் வாங்கி மாட்டினால் விளக்கு அணையும். இரண்டு நடை போய்வந்ததும் மறுபடி எரியும். இம்முறை வேறு சென்சாரின் பெயர் வரும்; அதையும் மாற்றுவார்கள். மூன்றாவது முறை, எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டியான ஈ.சி.எம். போய்விட்டது என்று தீர்ப்பாகும். உண்மையில் போயிருந்தது என்ன? கிளிப் கழன்று, எஞ்சின் பிராக்கெட்டில் உரசி உரசித் தோல் உரிந்த ஒரே ஒரு ஒயர். அதை ஒட்டி, டேப் சுற்றி, கிளிப் போட அரை மணி நேரம் ஆகாது. கண்டுபிடிக்கத்தான் நாலு மணி நேரம் ஆகும்.

மெக்கானிக்குக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி வண்டி முதலாளியின் மேசையில் இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய்க்குச் சென்சார் போட்டேன் என்று பில் நீட்டினால் முனகிக்கொண்டாவது கொடுத்துவிடுவார். ஒயரைத் தேடிக் கண்டுபிடித்தேன், இரண்டாயிரம் கொடுங்கள் என்றால், “ஒயரை ஒட்டுனதுக்கு ரெண்டாயிரமா?” என்று சண்டை வரும். பொருளுக்குத்தான் பணம், தேடிய நேரத்துக்கு இல்லை என்ற இந்தக் கணக்கு இருக்கும்வரை, தேடுவதைவிட மாற்றுவதே பட்டறைக்கு லாபம். எந்த மெக்கானிக்காக இருந்தாலும் அந்தப் பக்கம்தான் சாய்வார்.

முப்பது வருடத்துக்கு முந்தைய லாரியில் இந்தச் சிக்கல் எழவே வாய்ப்பில்லை. ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் அந்த எஞ்சினுக்கு மின்சாரமே வேண்டாம். பம்பும் கவர்னரும் சேர்ந்து ஸ்பிரிங்கின் கணக்கில் டீசலை அளந்து கொடுத்தன. பல வண்டிகளில் எஞ்சினை நிறுத்தவே ஒரு கம்பியைப் பிடித்து இழுக்க வேண்டும். காதாலும் கையாலும் பழுது பார்த்த தலைமுறை அது. நாசிலின் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் என்று சொன்னவர்கள் உண்டு. 1995-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் காமன் ரெயில் முறையை லாரிக்குக் கொண்டுவந்தது. அதன்பின் டீசலை அளக்கும் வேலை மெல்ல மெல்லக் கணினியின் கைக்குப் போயிற்று. இந்தியாவில் அடுத்த பெரிய திருப்பம் 2020 ஏப்ரல் 1. பாரத் நிலை நான்கிலிருந்து ஐந்தைத் தாண்டி நேரே ஆறுக்குக் குதித்தது நாடு. பல லாரிகளில் சைலன்சர் இருந்த இடத்தில் ஒரு குட்டி ரசாயன ஆலையே வந்து உட்கார்ந்தது: கரியைப் பிடிக்கும் வடிகட்டி, 32.5 சதவீத யூரியாக் கரைசலைப் பீச்சும் பம்ப், புகையில் நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு என்று முன்னும் பின்னும் மோப்பம் பிடிக்கும் சென்சார்கள்.

யூரியா தீர்ந்தாலோ, தண்ணீர் கலந்தாலோ, அந்தச் சென்சார் பேசாமல் போனாலோ எஞ்சின் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பாரத் நிலை 6-க்கு முன்மாதிரியான யூரோ 6 விதியில் இது படிப்படியாக வரும். முதலில் இழுவிசையில் நான்கில் ஒரு பங்கு போகும். கண்டுகொள்ளாமல் விட்டால் கடைசியில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் வண்டி நகராது. இரும்பு எதுவும் உடையவில்லை; சட்டம் சொன்னபடி கணினி நடந்துகொள்கிறது, அவ்வளவுதான். பாதி ராத்திரியில் லோடுடன் நிற்கும் டிரைவருக்கு இந்த வேறுபாடு என்ன ஆறுதல் தரும் என்பது வேறு விஷயம்.

ஸ்கேனர் காட்டும் ‘கோடு’ என்கிற கோளாறு எண் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதில்தான் பெரும்பாலான பணம் தொலைகிறது. கனரக வாகனங்களுக்கு ஜே1939 என்ற உலகளாவிய நெறி இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு கோடிலும் இரண்டு எண்கள். முதல் எண் எந்த விஷயம் என்று சொல்லும்: 100 என்றால் ஆயில் பிரஷர், 102 என்றால் பூஸ்ட் பிரஷர், 110 என்றால் கூலண்ட் சூடு. இரண்டாவது எண் என்ன மாதிரிக் கோளாறு என்று சொல்லும். 3 என்றால் வோல்டேஜ் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ், 5 என்றால் கரண்ட் குறைவு அல்லது ஒயர் அறுந்திருக்கிறது, 2 என்றால் தாறுமாறான தகவல். 0-வும் 1-உம் வேறு ஜாதி. சென்சார் சரியாகத்தான் சொல்கிறது, எஞ்சினில்தான் உண்மையிலேயே ஏதோ அதிகமாகவோ குறைவாகவோ இருக்கிறது என்று அவற்றுக்குப் பொருள்.

பட்டறைகளில் படிக்கப்படுவது முதல் எண் மட்டும்தான். ஆயில் பிரஷர் நிஜமாகவே விழுந்துவிட்டது என்று கத்தும் 100-1-க்கும், ஆயில் பிரஷர் ஒயர் பாடியில் முட்டுகிறது என்று சொல்லும் 100-4-க்கும் ஒரே சிகிச்சை, சென்சார் மாற்றுவது. இரண்டாவதில் சென்சார் காசு போகும். முதலாவதில் எஞ்சினே போகும்.

தொப்பூரில் நின்ற லாரிக்கு வருவோம். பிரஷர் சென்சாருக்கு மூன்று ஒயர்கள். ஒன்றில் ஈ.சி.எம். கொடுக்கும் 5 வோல்ட், ஒன்று எர்த், மூன்றாவதில் சென்சார் திருப்பி அனுப்பும் சிக்னல். அரை வோல்ட்டுக்கும் நாலரை வோல்ட்டுக்கும் நடுவில் சிக்னல் இருந்தால் ஈ.சி.எம். நம்பும், அதைத் தாண்டினால் கோடு போடும். அந்த 5 வோல்ட் ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனியாக வருவதில்லை. ஒரே மேல்தொட்டியிலிருந்து நாலு வீட்டுக்குக் குழாய் போவதுபோல, பல சென்சார்கள் ஒரே இணைப்பைப் பங்குபோடுகின்றன. ஒரு வீட்டில் குழாய் உடைந்தால் மற்ற மூன்று வீட்டிலும் தண்ணீர் வராது அல்லவா? அதுபோல, ஒரு ஒயர் பாடியில் முட்டினால் சம்பந்தமே இல்லாத இரண்டு மூன்று சென்சார்கள் சேர்ந்தாற்போல் கோடு காட்டும். மூன்று சென்சார்கள் ஒரே நிமிடத்தில் கெட்டுப்போவது நடக்காத காரியம். ஆனாலும் மூன்றையும் மாற்றி வாங்கிய பில்கள் ஏராளமாக உண்டு. செய்ய வேண்டியது இதுதான்: மல்டிமீட்டரை 5 வோல்ட் ஒயரில் வைத்துக்கொண்டு சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, கோளாறு அங்கே. எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை என்றால், ஒயர் போகும் பாதையைக் கையால் தடவிப் போக வேண்டியதுதான்.

காசே ஆகாத சோதனைகளும் இருக்கின்றன. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரைப் பார்க்கலாம். கூலண்ட், ஆயில், டீசல், உள்ளே வரும் காற்று என நாலு இடத்துச் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாமே அதே ராத்திரிக் குளிரில் கிடந்தவை. மூன்று 27 டிகிரி காட்ட, ஒன்று மட்டும் 45 என்று நின்றால் பொய் சொல்வது யார் என்று தேட வேண்டியதில்லை. பூஸ்ட் சென்சாரும் அப்படித்தான். எஞ்சின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் நிற்கும் வண்டியில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். அதே வண்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் நின்றால் 80-க்குக் கீழே காட்டும். ஊட்டியிலும் 100 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். ஊட்டியில் காட்டும் 78-ஐக் கோளாறு என்று நினைத்துச் சென்சாரைக் கழற்றினால், மலைமேல் காற்று லேசாக இருந்த குற்றத்துக்குச் சென்சார் தண்டனை பெறும்.

சூடு பார்க்கும் சென்சாரில் இரண்டே ஒயர். எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே 130 டிகிரி என்று காட்டுகிறதா? கப்ளரைப் பிடுங்கினால் போதும். திரையில் மைனஸ் 40-க்குத் தாவினால் ஒயரிங்கும் ஈ.சி.எம்.மும் நலம், சென்சார்தான் போயிற்று. கப்ளரைப் பிடுங்கியும் 130-லேயே நின்றால் சென்சார் நிரபராதி. ஒயர் எங்கோ முட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் சென்சார் வாங்கக் கடைக்கு ஆள் அனுப்புவதைச் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

எர்த் விஷயம் இத்தனை எளிதல்ல. அனுபவசாலிகளே ஏமாறும் இடம். முப்பது இழை கொண்ட செம்பு ஒயரில் இருபத்தொன்பது இழை அரித்துப்போய் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும், மல்டிமீட்டரில் பீப் சத்தம் கேட்கும். மீட்டர் அனுப்பும் துளிக் கரண்டுக்கு ஒரு இழை போதும். வண்டியின் நிஜமான சுமை ஏறும்போது அந்த ஒற்றை இழை கைவிட்டுவிடும். ஆகவே கரண்ட் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவில் ஒரு முனை, எஞ்சின் பிளாக்கில் மறுமுனை வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்ல வேண்டும். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளையும் அதன் முனைகளையும் கழற்றிச் சுரண்ட வேண்டும். சப்ளை ஒயரை ஈ.சி.எம்.மிலிருந்து கழற்றிவிட்டு, 21 வாட் பல்பை அதில் எரியவிட்டுப் பார்ப்பதும் நல்ல வழி. பழைய எலக்ட்ரீஷியன்களின் பல்பு இங்கே இன்னும் கைகொடுக்கிறது. ஆனால் அதே பல்பை ஈ.சி.எம். மாட்டியிருக்கும்போது சென்சார் ஒயரில் வைத்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் தாங்காது.

பழுதை நம் ஆட்களே உண்டாக்கும் இடங்களும் இருக்கின்றன. லாரியின் 24 வோல்ட் என்பது இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்தது. பாட்டுப் பெட்டிக்காக ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்தால், அது எப்போதும் பசியோடும் மற்றது எப்போதும் அஜீரணத்தோடும் கிடக்கும். இரண்டுமே சீக்கிரம் சாகும். சாகும்வரை, காலை ஸ்டார்ட்டிங்கில் வோல்டேஜ் சரிந்து, காரணம் புரியாத கோடுகளாக வந்துகொண்டிருக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே பிரஷர் வாட்டர் அடித்தால், சட்டென்று குளிரும் கப்ளர் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். சில வாரத்தில் பின்களில் பச்சைக் களிம்பு பூக்கும். ஒயரின் தோலில் ஊசி குத்திச் சோதிப்பதும் அதே களிம்புக்கு வாசல் திறந்துவிடுகிறது. யூரியாக் கரைசல் இன்னும் மோசம். ஒழுகிய இடத்தில் நிற்காமல் செம்பு இழைகளுக்கு நடுவே ஊர்ந்து போய், எதிர்பாராத ஒரு கப்ளருக்குள் வெள்ளை உப்பாக உறையும்.

நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் தனியாகச் சொல்ல வேண்டியது வெல்டிங். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுவதும், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளும் ஊருக்கே சோறு போடும் தொழில்கள். பேட்டரியையும் ஈ.சி.எம். கப்ளர்களையும் கழற்றாமல் சேஸிஸில் வெல்டிங் வைத்தால், அந்தக் கரண்ட் திரும்பிப் போகக் கிடைத்த வழியில் எல்லாம் போகும். ஈ.சி.எம்.மும் அதில் ஒரு வழி. அன்றைக்கே எதுவும் தெரியாது என்பதுதான் வம்பு. சில மாதம் கழித்து எங்கோ வடக்கே வண்டி நிற்கும்போது, அந்த வெல்டிங்கை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

கணினிப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் லைனுக்கும் ஒரு எளிய சோதனை உண்டு. முறுக்கிய இரண்டு ஒயர்கள். இரு முனையிலும் ஆளுக்கு 120 ஓம் ரெசிஸ்டர். பேட்டரியைத் துண்டித்துவிட்டு இரண்டு ஒயருக்கும் இடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு முனை துண்டாகிவிட்டது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. 40 என்றால் மூன்றாவதாக யாரோ ஒரு ரெசிஸ்டரை நுழைத்திருக்கிறார்கள்; போன மாதம் ஏதாவது கூடுதல் கருவி பொருத்தியவரை விசாரிக்கலாம். நைட்ரஜன் ஆக்சைடு சென்சாரும் இந்த லைனில்தான் பேசுகிறது. ஃபியூஸ் போனாலும் லைன் அறுந்தாலும் திரையில் வருவது ‘சென்சார் பேசவில்லை’ என்பதுதான். லாரியிலேயே விலை கூடிய சென்சார்களில் அது ஒன்று. ஃபியூஸின் விலை எல்லோருக்கும் தெரியும்.

இப்படிச் சுற்றிச் சுற்றிப் பணம் விட்டுச் சலித்த முதலாளிகள் சிலர் கடைசியில் போய்ச் சேரும் இடம் எமுலேட்டர். யூரியா போகிறது, புகை சுத்தமாக இருக்கிறது என்று ஈ.சி.எம்.முக்குப் பொய் சொல்லும் சின்னப் பெட்டி. ஐரோப்பாவில் நெடுஞ்சாலைப் போலீஸ் சோதனைகளில் இவை பிடிபட்டிருக்கின்றன. சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்க, சரியாகப் பழுது பார்க்கத் தெரியாத ஊரில் சுத்தமான புகை விதி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் காற்று சுத்தமாகாது என்பதற்கு இந்தப் பெட்டியே சாட்சி.

லாரி தயாரிக்கும் கம்பெனிகளும் இதில் கை கழுவ முடியாது. மேலே சொன்ன சோதனைகளுக்கு மீட்டர் போதும். ஆனால் எந்த நிற ஒயர் எந்தப் பின்னிலிருந்து எங்கே போகிறது, எந்தச் சென்சார்கள் 5 வோல்ட்டைப் பங்குபோடுகின்றன என்று சொல்லும் வயரிங் வரைபடம் கையில் இல்லாவிட்டால், நாலு மணி நேரத் தேடல் நாலு நாளாகும். சாலையோரப் பட்டறைக்கு அந்த வரைபடம் நேர்வழியில் கிடைப்பது அரிது. வாட்ஸ்அப்பில் எங்கிருந்தோ வரும் மங்கிய படம்தான் கதி. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. அதுவும் கார்களைப் பற்றிய வழக்கு. லாரி அதில் வரவில்லை. அமெரிக்காவில் 2015-இல் லாரி, எஞ்சின் தயாரிப்பாளர்கள் வெளிப் பட்டறைகளுக்குத் தகவல் தர ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஐரோப்பாவில் கனரக வாகனங்களுக்கு யூரோ 6-ஐக் கொண்டுவந்த 2009-ஆம் ஆண்டு விதி, புகை அளவையும் பழுதுபார்ப்புத் தகவல் உரிமையையும் ஒரே தலைப்பில் வைத்தது. அங்கிருந்து புகை அளவைக் கறாராக எடுத்துக்கொண்ட நம் நாட்டில், தகவல் உரிமையின் தடயம் பட்டறை வாசலில் இன்னும் தெரியவில்லை.

தகவலைத் திறந்துவிட்டால் தகிடுதத்தம் பெருகும் என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். மூடி வைத்திருக்கும்போதே எமுலேட்டர் சந்தைக்கு வந்துவிட்டதே? எஞ்சினின் மென்பொருளை மாற்றும் சாவியை யாரும் கேட்கவில்லை. வயரிங் வரைபடமும், கோடுகளின் பொருளும், ஒவ்வொரு சென்சாரும் காட்ட வேண்டிய வோல்டேஜும் நியாயமான கட்டணத்தில் கிடைத்தால் போதும். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் உண்டு. லாரி வரைபடங்களைக் கேட்டு நாமக்கல்லிலிருந்து அழுத்தம் போக அது ஒரு வாசல்.

அதற்காகக் காத்திருக்காமல் லாரி உரிமையாளர் சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பழுது கண்டுபிடிக்கும் வேலைக்கு மணிக்கு இவ்வளவு என்று ஒரு கூலியை நிர்ணயித்து, பட்டறைச் சுவரில் எழுதிப் போடச் சொல்லலாம். பதிலுக்கு மெக்கானிக்கிடம் ஒன்றைக் கறாராகக் கேட்கலாம். சென்சார் மாற்றிய ஒவ்வொரு பில்லிலும், கழற்றுவதற்கு முன் 5 வோல்ட் ஒயரில் எவ்வளவு இருந்தது, சிக்னலில் எவ்வளவு, எர்த்தில் எவ்வளவு என்று மூன்று எண்கள் எழுதியிருக்க வேண்டும். பழைய சென்சாரும் பில்லோடு திரும்பி வர வேண்டும். ஐ.டி.ஐ.யில் ஓராண்டு டீசல் மெக்கானிக் படிப்பு முடித்து வரும் பையனுக்கு அந்த மூன்று எண்களை அளக்கத் தெரியும். அவனுக்கு மீட்டரை எடுக்க நேரமும், எடுத்த நேரத்துக்குச் சம்பளமும் கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.